சம்பளத்துக்குத் துப்பறிகிறவர்கள்

பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் துப்பாக்கி பிடிக்கக் கற்றாரோ இல்லையோ, அறிக்கை எழுதக் கற்றே ஆகவேண்டும். அன்றைக்கு யாரைப் பின்தொடர்ந்தார், அந்த ஆள் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினார், எங்கே சாப்பிட்டார், யாரோடு நின்று பேசினார் என்பதையெல்லாம் நாள்தோறும் எழுதிக் கொடுக்க வேண்டும். கிளை அலுவலகம் அதைத் திருத்தி வாடிக்கையாளருக்கு அனுப்பும். கட்டணம் நாள் கணக்கில். சாப்பாடும் வண்டிச் சத்தமும் தனிக் கணக்கில்.

துப்பறியும் நிறுவனத்தைக் களமாகக் கொண்ட குற்றப் புனைகதை இந்த அறிக்கையிலிருந்தும் இந்தக் கணக்கிலிருந்தும் பிறந்தது என்பது என் துணிபு. ஷெர்லாக் ஹோம்ஸ் போன்ற மேதைக்கு ஒரு புதிர் போதும். அது வரும்வரை அவர் வயலின் வாசித்துக்கொண்டு காத்திருக்கலாம். நிறுவனம் அப்படிக் காத்திருக்க முடியாது. அதற்கு வாடகை உண்டு, சம்பளப் பட்டியல் உண்டு, ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நாலைந்து வழக்குகளும் உண்டு. பல வழக்குகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நகரும் நாவலைப் பெரும்பாலான விமர்சகர்கள் விறுவிறுப்புக்கான உத்தியாக மட்டுமே பார்க்கிறார்கள். நான் அதை இந்த இலக்கிய வகையின் மனசாட்சியாகப் பார்க்கிறேன். துப்பறிதல் என்பது கூலிவேலை, ஒருவர் பணம் கொடுப்பதால் இன்னொருவர் கண்காணிக்கப்படுகிறார், பணம் தீர்ந்தால் தேடலும் நின்றுபோகும் என்ற மூன்று உண்மைகளையும் வேறெந்த வடிவத்தையும்விட இந்த வடிவம் தெளிவாகக் காட்டுகிறது. அவற்றை மறைக்கும் நாவல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் உள்ளே வெறுமையாகத்தான் இருக்கிறது.

கடனில் தொடங்கிய தொழில்

துப்பறிவதை நிறுவனமாக்கிய முன்னோடி பிரான்சுவா விடோக். குற்றவாளியாகச் சிறைப்பட்டு, பலமுறை தப்பி, பிறகு காவல்துறைக்கே உளவாளியாகி, பாரிஸ் குற்றப் புலனாய்வுப் பிரிவின் தலைவராக உயர்ந்தவர் அவர். பதவியை விட்டு விலகிய பிறகு 1833இல் பாரிஸில் ஒரு தகவல் அலுவலகத்தைத் திறந்தார். அவரைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் வணிகர்கள். கடனுக்குச் சரக்குக் கேட்கும் ஆள் நாணயமானவரா, வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிற பேர்வழியா என்பது அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது. ஆக, முதல் துப்பறியும் நிறுவனத்துக்குச் சோறு போட்டது வாராக்கடன். கொலைகள் பிற்பாடுதான் வந்தன.

ஆலன் பிங்கர்ட்டன் 1819இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். பீப்பாய் செய்வது அவர் தொழில். இளம் வயதில் தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் நின்றவர். 1842இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1850 வாக்கில் சிகாகோவில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அன்றைய அமெரிக்காவில் ரயில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு ஓடியது. அதைக் கொள்ளையடித்தவனும் எல்லை தாண்டி ஓடினான். துரத்திப் போக நாடு தழுவிய காவல் அமைப்பு எதுவும் இல்லை. இன்றைய எஃப்.பி.ஐ.யின் முன்னோடி அமைப்பே 1908இல்தான் வந்தது. அந்த இடைவெளியை நிரப்பியவர் பிங்கர்ட்டன். 1856இல் கேட் வார்ன் என்ற பெண்ணை வேலைக்குச் சேர்த்தார். 1861இல் பதவியேற்கச் சென்ற ஆபிரகாம் லிங்கனைப் பால்டிமோரில் கொல்லச் சதி நடப்பதாகத் தகவல் வந்தபோது, நோயாளித் தம்பியை அழைத்துப்போகும் அக்காள்போல நடித்து அவரை இரவு ரயிலில் பத்திரமாகக் கொண்டுசேர்த்த குழுவில் அந்தப் பெண் இருந்தார்.

பிங்கர்ட்டன் தம் நிறுவனத்துக்கு விதிகள் வகுத்திருந்தார். விவாகரத்து வழக்கு எடுப்பதில்லை. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைத் தனியே விசாரிப்பதில்லை. ஒரு கட்சிக்காக இன்னொரு கட்சியை உளவு பார்ப்பதில்லை. பரிசுப் பணம் வாங்குவதில்லை. கடைசி விதி கவனிக்கத் தக்கது. பரிசுக்காக உழைப்பவனுக்கு யாராவது ஒருவர் பிடிபட்டாக வேண்டும். அகப்பட்டவர் நிரபராதியாக இருந்தாலும் அவனுக்குப் பரிசு உண்டு. நாள் சம்பளத்துக்கு உழைப்பவனுக்கு அந்த அவசரம் இல்லை. உழைப்புக்குத்தான் கூலி, முடிவுக்கு அல்ல என்ற ஏற்பாடு நேர்மையைக் காக்கும் என்று அவர் நம்பினார்.

அந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. நாள் கணக்கில், மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் கட்டணம் கொடுக்க யாரால் முடியும்? ரயில் கம்பெனியால், வங்கியால், சுரங்க முதலாளியால்தான் முடியும். பென்சில்வேனியா நிலக்கரி வயல்களில் ஐரிஷ் சுரங்கத் தொழிலாளர்களிடையே மாலி மகுவயர்ஸ் என்ற ரகசியக் குழு இயங்குவதாகச் சொல்லப்பட்டது. அதற்குள் புக ஒற்றன் வேண்டுமென்று ரயில் கம்பெனித் தலைவர் ஃபிராங்க்ளின் கோவன் பிங்கர்ட்டனை அமர்த்தினார். 1873இல் ஜேம்ஸ் மக்பார்லண்ட் என்ற ஆள் பெயரை மாற்றிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொழிலாளர்களோடு குடித்து, பாடி, பழகி, அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார். முடிவில் 20 பேர் தூக்கிலேற்றப்பட்டார்கள். 1877 ஜூன் 21 அன்று ஒரே நாளில் பத்துப் பேர். விசாரித்தது தனியார் நிறுவனம், கைது செய்தது கம்பெனியின் காவலர்கள், நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் வாதாடியவர்களில் கோவனும் ஒருவர். அரசின் பங்காக எஞ்சியது நீதிமன்றக் கட்டடமும் தூக்குமேடையும்தான். ஆர்தர் கானன் டாயில் இந்த நிகழ்வை வைத்தே 'தி வேலி ஆஃப் ஃபியர்' நாவலின் பிற்பாதியை எழுதினார். அதில் ஒற்றன்தான் வீரன்.

1892 ஜூலை 6 அன்று ஹோம்ஸ்டெட் நகரின் கார்னெகி எஃகு ஆலைக்கு, கதவடைப்பில் நின்ற தொழிலாளர்களை எதிர்கொள்ள, சுமார் 300 பிங்கர்ட்டன் ஆட்கள் தோணிகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். நாள் முழுக்க நடந்த சண்டையில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அடுத்த ஆண்டே பிங்கர்ட்டன் ஆட்களை அரசு வேலைக்கு அமர்த்தக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நிறுவனர் அப்போது உயிரோடு இல்லை. தொழிலாளர் உரிமைக்காக ஊர்வலம் போன பீப்பாய்த் தொழிலாளியின் பெயர் தொழிலாளர் வீடுகளில் வசைச்சொல்லாக ஆகியிருந்தது.

அறிக்கை இலக்கியமான கதை

இந்த நிறுவனத்தின் பால்டிமோர் கிளையில் 1915இல் 21 வயது இளைஞர் ஒருவர் சேர்ந்தார். பதின்ம வயதின் தொடக்கத்திலேயே பள்ளியை விட்டு, கிடைத்த வேலையெல்லாம் செய்து பார்த்தவர். பெயர் டேஷியல் ஹாமெட். முதல் உலகப்போரில் ராணுவத்தின் ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்தபோது காய்ச்சலும் காசநோயும் பிடித்தன. 1922இன் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ கிளையிலிருந்து விலகி எழுத உட்கார்ந்தார். மறுஆண்டு தம் துப்பறியும் அனுபவங்களைச் சின்னச் சின்னக் குறிப்புகளாக ஓர் இதழில் வெளியிட்டார். அதில் ஒன்று: அவர் பின்தொடர்ந்த ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே காலாற நடக்கப் போய் வழி தவறிவிட்டார், கடைசியில் பின்தொடர்ந்தவரே முன்னால் வந்து நகரத்துக்கு வழி சொல்லவேண்டியதாயிற்று. பின்தொடர்கிறவரும் தொடரப்படுகிறவரும் ஒரே சாலையில் களைத்துப்போன இரண்டு மனிதர்கள் என்பதை இந்த ஒரு குறிப்பு சொல்லிவிடுகிறது.

1923 அக்டோபரில் 'பிளாக் மாஸ்க்' இதழில் அவருடைய கான்டினென்டல் நிறுவன ஆள் முதன்முதலாகத் தோன்றினார். குள்ளமான, தடித்த, நாற்பதை நெருங்கும் மனிதர். கதைகள் பெருகிப் பெருகி நாவல்களாக வளர்ந்த பிறகும் அவருக்குப் பெயர் கிடைக்கவில்லை. அறிக்கை எழுதுகிறவர் தன் பெயரை முன்னிறுத்துவதில்லை. கண்டதை எழுதுகிறார், கருதியதை எழுதுவதில்லை. ஹாமெட்டின் உரைநடையைப் பற்றி எத்தனையோ புகழ்ச்சிகள் உண்டு. சுருக்கம், உணர்ச்சியைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்வது, மணியும் தெருவும் துல்லியமாக இருப்பது என்று அவை நீளும். இவையெல்லாம் வாடிக்கையாளருக்குப் போகும் தினசரி அறிக்கையின் இலக்கணம். ஏழெட்டு ஆண்டுகள் வயிற்றுப்பாட்டுக்காக எழுதிய அறிக்கையிலிருந்து ஒரு புதிய நடையை அவர் கடைந்தெடுத்தார்.

அந்தக் கதைகளில் நிறுவனம் வெறும் பின்னணியாக நிற்பதில்லை. கிழவர் என்று மட்டும் அழைக்கப்படும் கிளைத் தலைவர் இருக்கிறார். மரியாதையாகப் பேசுவார், யாரிடமும் இரக்கம் காட்டமாட்டார். டிக் ஃபோலி, மிக்கி லினஹன் போன்ற சக ஊழியர்கள் வருகிறார்கள், முறைமாற்றிக் கண்காணிக்கிறார்கள், வேறு வேலைக்கு அழைக்கப்பட்டால் பாதியில் போய்விடுகிறார்கள். 1925இல் வந்த 'தி கட்டிங் ஆஃப் கூஃபிக்னல்' என்ற கதையில் நம் ஆளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒரு கல்யாண வீட்டின் பரிசுப் பொருள்களுக்குக் காவல் இருப்பது. அந்த இரவில் கொள்ளைக் கூட்டம் ஒன்று தீவையே சூறையாடுகிறது. முடிவில் கூட்டத்தோடு சேர்ந்திருந்த ரஷ்ய இளவரசி பணத்தையும் தன்னையும் கொடுத்துத் தப்பிக்கப் பார்க்கிறாள். அவர் மறுக்கிறார். அறத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. இந்த வேலை தனக்குப் பிடித்திருக்கிறது, வேறெதுவும் இந்த அளவுக்குப் பிடிக்கவில்லை, அதைவிடப் பெரிய தொகை எதுவும் இல்லை என்கிறார். அவள் அவர் பேச்சைப் பொருட்படுத்தாமல் வெளியேறப் பார்க்கிறாள். கணுக்கால் சுளுக்கிய அவர் அவளைக் காலில் சுடுகிறார். சம்பளத்துக்கு வேலை செய்கிறவனின் கௌரவம் இவ்வளவு நேராகப் பேசப்பட்ட இடங்கள் குற்றப் புனைகதையில் குறைவு.

1929இல் வந்த 'ரெட் ஹார்வெஸ்ட்' இதே கௌரவம் அழுகிப்போவதைக் காட்டியது. சுரங்க நகரம் ஒன்றில் வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளி எலைஹூ வில்சன் அடியாட்களை அழைத்தார். வந்தவர்கள் நகரத்தையே எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவர்களை விரட்ட அதே முதலாளி நிறுவனத்துக்குப் பத்தாயிரம் டாலர் கொடுக்கிறார். நம் ஆள் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிடுகிறார், பிணங்கள் குவிகின்றன. ஓர் இரவு மயக்க மருந்து கலந்ததைக் குடித்துவிட்டுக் காலையில் கண்விழிக்கும்போது, அவர் கையில் பனிக்கட்டி உடைக்கும் ஊசியின் பிடி இருக்கிறது. ஊசி டைனா பிராண்ட் என்ற பெண்ணின் மார்பில் இறங்கியிருக்கிறது. தான்தான் கொன்றோமா என்று அவருக்கே தெரியவில்லை. சக ஊழியர் ஃபோலியும் சந்தேகப்படுகிறார். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வேலை பாக்கி நிற்கிறது: கிழவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நடந்ததை அப்படியே எழுத முடியாது. மெருகேற்றி, மழுப்பி எழுதுகிறார். நேர்மையின் கருவியாகத் தொடங்கிய அறிக்கை பொய்யின் கருவியாகிறது.

ஹாமெட் பணியாற்றிய காலத்தில் மொன்டானா மாநிலத்தின் பியூட் சுரங்க நகரில் தொழிற்சங்கத் தலைவர் ஃபிராங்க் லிட்டில் கடத்திக் கொல்லப்பட்டார். 1917 ஆகஸ்ட் 1. லிட்டிலைக் கொல்லத் தமக்கே ஐயாயிரம் டாலர் பேசப்பட்டதாக ஹாமெட் சொன்னார் என்று அவருடைய நீண்டகாலத் துணைவி லிலியன் ஹெல்மன் எழுதியிருக்கிறார். அதற்கு வேறு சான்று கிடையாது. ஆனால் அந்த நகரத்தின் நிழல் 'ரெட் ஹார்வெஸ்ட்' முழுக்கப் படிந்திருப்பதை யாரும் மறுப்பதில்லை. பிற்காலத்தில் ஹாமெட் இடதுசாரியானார். 1951இல் பெயர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்துச் சிறை சென்றார். ஊரார் பெயர்களை அறிக்கையில் எழுதிச் சம்பளம் வாங்கியவர் கடைசியில் பெயர் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போனது, அவர் அந்தத் தொழிலிலிருந்து கற்ற பாடம் என்றே நான் வாசிக்கிறேன்.

எல்லாம் ஒரே முடிச்சா?

பல வழக்குகளை ஒரே நாவலில் ஓட்டும் எழுத்தாளருக்கு ஒரு சபலம் உண்டு: கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவது. காணாமல்போன பெண், திருடுபோன நகை, மிரட்டல் கடிதம் என்ற மூன்றுக்கும் பின்னால் ஒரே ஆள். வாசகருக்குக் கிடைக்கும் அந்தக் கணநேரத் திகைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் விலை பெரிது. உலகில் நடக்கும் துன்பங்களுக்கெல்லாம் ஒரே ஒரு வில்லன்தான் காரணம், அவனைப் பிடித்தால் கணக்கு முடிந்தது என்ற ஆறுதலை அது விற்கிறது.

ரேமண்ட் சேண்ட்லர் 1939இல் 'தி பிக் ஸ்லீப்' எழுதியபோது முன்பு இதழ்களில் எழுதிய தம் தனித்தனிக் கதைகளை இணைத்துத் தைத்தார். தையல் எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. கதையில் ஒரு கார் ஓட்டுநர் காரோடு கடலில் கிடக்கிறார். படம் எடுத்த ஹோவர்ட் ஹாக்ஸ் தரப்பிலிருந்து அவரைக் கொன்றது யார் என்று கேட்டபோது, சேண்ட்லருக்கே விடை தெரியவில்லை. இதைப் பலரும் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது அந்த நாவலின் உண்மைத்தன்மையைக் கூட்டுகிறது. நாளுக்கு 25 டாலரும் செலவும் வாங்கும் பிலிப் மார்லோ ஒரு முதியவரின் குடும்பத்துக்காக அமர்த்தப்பட்டவர். ஓட்டுநருக்காகக் கட்டணம் கொடுக்க யாரும் இல்லை. அந்தச் சாவு விடையில்லாமல் கிடப்பதற்குச் சேண்ட்லரின் மறதியே காரணமாக இருக்கலாம். என்றாலும் அது அந்த உலகத்தின் நியதிக்குப் பொருந்திப்போகிறது.

1950களில் காவல் நிலைய நாவல்கள் வேறு வழியைக் கண்டன. ஜான் கிரீஸி, ஜே.ஜே. மாரிக் என்ற புனைபெயரில் 1955இல் எழுதிய 'கிடியன்ஸ் டே', ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி ஒருவரின் ஒரே நாளில் குவியும் பல குற்றங்களை அருகருகே ஓடவிட்டது. மறுஆண்டு எட் மக்பெய்ன் தம் 87ஆம் வட்டக் காவல் நிலைய வரிசையைத் தொடங்கினார். அந்த வரிசையில் வழக்குகள் பல சமயம் ஒன்றையொன்று தொடாமலேயே முடிகின்றன. ஆனால் காவல் நிலையத்துக்கும் தனியார் நிறுவனத்துக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. காவல் நிலையம் யாருக்கும் கதவைச் சாத்தக்கூடாது. சம்பளத்தை அரசு கொடுக்கிறது. தனியார் நிறுவனம் வழக்கைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்வைத் தீர்மானிப்பது வருகிறவரின் பணப்பை. ஆகவே எந்த வழக்குக்கு எவ்வளவு நேரம் என்ற கேள்வி காவல் நிலைய நாவலில் நிர்வாகச் சிக்கலாக நிற்கும்; நிறுவன நாவலில் அறச் சிக்கலாக மாறும்.

தவணை கட்டாத கார்கள்

இந்த அறச் சிக்கலை முழுமையாகக் கையாண்டவர் என்று நான் கருதுவது ஜோ கோர்ஸை. தமிழ் வாசகர்கள் அதிகம் அறியாத பெயர். சான் பிரான்சிஸ்கோவில் பல ஆண்டுகள் தனியார் துப்பறிவாளராக வேலை பார்த்த பிறகு எழுத்துக்கு வந்தவர். ஹாமெட்டை நாயகனாக்கி ஒரு நாவலும், அவருடைய 'மால்டீஸ் ஃபால்கன்' கதைக்கு முன்கதையாக இன்னொரு நாவலும் எழுதினார். ஹாமெட் இறந்து சரியாக 50 ஆண்டுகள் கழித்து, அதே ஜனவரி 10 அன்று 2011இல் காலமானார்.

கோர்ஸின் நாவல்களில் வரும் டேனியல் கார்னி அசோசியேட்ஸ் கொலையைத் துப்பறியும் நிறுவனம் அல்ல. தவணை கட்டாதவர்களின் காரை வங்கிக்காக எடுத்துவருவதும், கடன் வாங்கித் தலைமறைவானவர்களைக் கண்டுபிடிப்பதும்தான் அதன் பிழைப்பு. நம் ஊரில் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உலகம் விளக்கம் இல்லாமலே புரியும். விடோக்கின் அலுவலகத்தில் தொடங்கிய தொழில் 140 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வாராக்கடனில்தான் நின்றது.

1972இல் வெளியான 'டெட் ஸ்கிப்' நாவலில் பார்ட் ஹெஸ்லிப் என்ற ஊழியர், முன்னாள் குத்துச்சண்டை வீரர், கறுப்பினத்தவர், நொறுங்கிக் கிடந்த ஒரு ஜாகுவார் காரிலிருந்து நினைவிழந்த நிலையில் மீட்கப்படுகிறார். பறிமுதல் செய்த காரைக் குடித்துவிட்டு ஓட்டினார் என்று போலீஸ் முடிவுகட்டுகிறது. சக ஊழியர் லாரி பாலார்டு நம்ப மறுக்கிறார். யாரோ அவரை அடித்துப்போட்டு விபத்தாகக் காட்டியிருக்கிறார்கள். அந்த யாரோ ஹெஸ்லிப் கையில் இருந்த வழக்குகளில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். முதலாளி கார்னி 72 மணி நேரம் தருகிறார்.

இங்கே கோர்ஸ் செய்வதை நுணுகிப் பார்க்கவேண்டும். பாலார்டு கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, முகவரி முகவரியாகப் போகிறார். பழைய வாடகை வீடு, வேலை பார்த்த இடம், பிரிந்துபோன உறவுகள் என்று விசாரிக்கிறார். ஒரு கோப்பு சரியாக முடிந்தால் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். பல வழக்கு நாவலின் வழக்கமான கேள்வி, இவையெல்லாம் எப்படி ஒன்றாகின்றன என்பது. கோர்ஸ் அதைத் திருப்பிப் போட்டார்: இவற்றில் எது மற்றவற்றைப்போல் இல்லை? ஒதுக்கப்படும் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு குடும்பம் இருக்கிறது. வருமானத்துக்கு மீறி வாங்கிய கார் இருக்கிறது. வெட்கமும் பொய்யும் இருக்கின்றன. கொலைகாரனை நோக்கிப் போகும் வழியில் அமெரிக்காவின் கடன்பட்ட நடுத்தர வர்க்கம் முழுதும் நம் முன் வந்துபோகிறது. நிரபராதிகளுக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கிய துப்பறியும் நாவல்கள் அதிகம் இல்லை.

இன்னொரு காட்சி இந்த வடிவத்தின் தன்னம்பிக்கையைக் காட்டும். கார்னி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். எதிரே வருவது பார்க்கர். ரிச்சர்ட் ஸ்டார்க் என்ற பெயரில் டொனால்டு வெஸ்ட்லேக் எழுதிய நாவல் வரிசையின் கொள்ளைக்கார நாயகன். அதே ஆண்டில் வந்த வெஸ்ட்லேக்கின் 'பிளண்டர் ஸ்குவாட்' நாவலில் அதே சந்திப்பு பார்க்கரின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. கார்னி தேடும் ஆள் பார்க்கர் இல்லை. பார்க்கரின் கொள்ளை கார்னியின் வழக்கு இல்லை. இருவரும் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு முழு நாவல் ஓடிக்கொண்டிருக்கிறது, நமக்கு அதில் வேலை இல்லை என்பதை இப்படிச் செய்துகாட்டத் துணிவு வேண்டும்.

கால்நடை விற்ற பணம், லண்டன் வாடகை

நிறுவனத்தின் முதலீடு எங்கிருந்து வந்தது என்பதை அலெக்சாண்டர் மக்கால் ஸ்மித் தம் 1998ஆம் ஆண்டு நாவலில் முதலிலேயே சொல்லிவிடுகிறார். போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனேயில் பிரெஷஸ் ரமோட்ஸ்வே என்ற பெண் துப்பறியும் நிறுவனம் தொடங்குகிறார். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்து நெஞ்சு கெட்டுப்போன அப்பா விட்டுச்சென்ற மாடுகளை விற்ற பணம் அது. நாவலில் சின்னச் சின்ன வழக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. சந்தேகத்துக்குரிய கணவன், தகப்பன் என்று சொல்லிக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்ட ஆள், காணாமல்போன சிறுவன். சிறுவனின் வழக்கைத் தவிர மற்றவை ஒரு நாவலுக்குப் போதாதவை என்று தோன்றலாம். ஆனால் அந்த ஊரில் ஒரு பெண்ணின் நிறுவனம் பிழைத்திருப்பது அவற்றால்தான்.

ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் ஜே.கே. ரௌலிங் எழுதும் வரிசையில் 2020இல் வந்த 'டிரபிள்டு பிளட்' இன்றைய வாசகர்கள் பரவலாக அறிந்த எடுத்துக்காட்டு. 1974இல் காணாமல்போன மார்கோ பாம்பரோ என்ற பெண் மருத்துவரைத் தேடித்தரும்படி அவர் மகள் கேட்கிறார்; கெடு ஓராண்டு. நிறுவனத்தை நடத்தும் கார்மரன் ஸ்டிரைக்கும் ராபின் எல்லகாட்டும் அந்த ஓராண்டையும் அதற்கே செலவிட முடிவதில்லை. மீண்டும் மீண்டும் காதலியைச் சந்தேகித்து வரும் பணக்காரர் ஒரு வழக்கு. பெயரில்லாத அஞ்சலட்டைகள் வரும் தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளர் இன்னொன்று. ஒப்பந்த ஊழியர்களுக்கு முறைப்பட்டியல் போடுவதும், ஒருவர் வராமல் போனால் அதை மாற்றுவதும், பண்டிகை நாளில் யார் தெருவில் நிற்பது என்பதும் ராபினின் தலைவலி. தொள்ளாயிரம் பக்கங்களைத் தாண்டும் நீளம் பலருக்குச் சலிப்பூட்டியிருக்கிறது. எனக்கு அந்த நீளம் நியாயமாகப் படுகிறது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகக் கண்டுபிடிக்கப்படாத ஒரு பெண்ணைத் தேட நேரம் கிடைப்பதே சந்தேகக் காதலரின் பணத்தால்தான். அற்ப வழக்குகள்தான் பெரிய வழக்கைத் தாங்கி நிற்கின்றன என்பதை நாவல் சொல்லிக்காட்டாமல், நாள்காட்டியாலேயே உணர்த்திவிடுகிறது.

தமிழில்

1980களின் மாத நாவல் அலையில் தமிழிலும் துப்பறியும் நிறுவனங்கள் திறக்கப்பட்டன. சுபாவின் நரேந்திரனும் வைஜெயந்தியும் 'ஈகிள்ஸ் ஐ' நிறுவனத்தில் பணியாற்றினார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் 'மூன்லைட்' நிறுவனத்தை நடத்தினார்கள். ரயில் பயணத்திலும் பேருந்து நிலையப் பெட்டிக்கடையிலும் ஒரு தலைமுறையை வாசிக்க வைத்தவர்கள் இவர்கள்; அந்தக் கடனைத் தமிழ் இலக்கிய உலகம் இன்னும் சரிவர ஒப்புக்கொள்ளவில்லை. ராஜேஷ்குமார் தம் நாவல்கள் பலவற்றில் இரண்டு தனித்தனிக் கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டி, முடிவில் சந்திக்க வைக்கும் முறையை வாசகர்களின் எதிர்பார்ப்பாகவே ஆக்கிவிட்டார். நூறு பக்கத்துக்குள் முடிக்க வேண்டிய மாத நாவலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. அதே காரணத்தால் கட்டணம், சம்பளம், கண்காணிக்கப்படுகிறவரின் பக்கம் ஆகியவற்றுக்கு இடம் இல்லாமல் போயிற்று. முடிச்சு விழுந்தது, அலுவலகம் மறைந்தது.

நிஜத்தில் இந்தியத் துப்பறியும் நிறுவனங்களின் அன்றாடப் பிழைப்பில் கல்யாண விசாரணைக்குப் பெரிய இடம் உண்டு. பையனுக்கு வேலை உண்மையா, சம்பளம் சொன்ன அளவுதானா, குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பு யாரோடாவது பழக்கம் இருந்ததா என்று விசாரிக்கிறார்கள். பிங்கர்ட்டன் எடுக்க மறுத்த வேலை இங்கே வருமானத்தின் முதுகெலும்பு. காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்களுக்கு 2005இல் தனிச் சட்டம் வந்தது. துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. ஆனாலும் தன் தெருமுனையில் நின்ற பைக் தனக்காகத்தான் நின்றது என்பது விசாரிக்கப்படும் பெண்ணுக்குத் தெரியப்போவதில்லை. வரன் ஏன் தட்டிப்போயிற்று என்பதும் தெரியப்போவதில்லை. அறிக்கை அவளுக்குப் போகாது, பணம் கொடுத்தவருக்குத்தான் போகும்.

தமிழில் எழுதப்படவேண்டிய துப்பறியும் நாவல் இந்த அறிக்கைக்குள் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சென்னையிலோ கோவையிலோ ஒரு மாடி அலுவலகம், நாலைந்து ஊழியர்கள், ஒரே வாரத்தில் மூன்று வரன் விசாரணை, ஒரு வாராக்கடன், ஒரு கம்பெனித் திருட்டு, காவல் நிலையம் கைவிட்டதால் கடன் வாங்கிக் கட்டணம் கொண்டுவந்த ஒரு தாய். இவற்றை ஒரே வில்லனிடம் கொண்டுபோய் முடிச்சுப்போட வேண்டியதில்லை. யாருடைய வேலைக்கு யாரை அனுப்புவது, எந்தக் கோப்பைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போடுவது, சாதியைக் கேட்டு எழுதச் சொன்ன வாடிக்கையாளருக்கு என்ன எழுதிக்கொடுப்பது என்ற முடிவுகளே அந்த நாவலை நகர்த்தப் போதுமானவை. கொலையாளி யார் என்று கேட்கத் தமிழ் வாசகர்களை நம் எழுத்தாளர்கள் நன்றாகவே பழக்கியிருக்கிறார்கள். கட்டணம் கொடுத்தது யார், அந்த அறிக்கையால் வாழ்க்கை மாறிப்போனது யாருக்கு என்று கேட்கவும் அவர்களால் பழக்க முடியும். அதற்கான வாசகர்கள் இங்கே இருக்கிறார்கள்.